கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? மறுபடி சாவியைத் திருப்பும் முன் சத்தத்தைக் கவனியுங்கள்!

காலை 7.40. பிள்ளைகள் புத்தகப் பையோடு பின் சீட்டில் ஏறியாச்சு. சாவியைத் திருப்பினால் கார் 'ட்ர்ர்...' என்று ஒரு இழுவை இழுத்துவிட்டு அடங்கிவிடுகிறது. மறுபடி திருப்பினால் அந்தச் சத்தமும் இல்லை. அடுத்த நிமிடம் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள். "பேட்டரி போயிருக்கும் சார்" என்பார் வாட்ச்மேன். "செல்ஃப் மோட்டார் காலி" என்பார் எதிர்வீட்டுக்காரர். "இன்னொரு தடவை நல்லா அடிச்சுப் பாருங்க, பிடிச்சுக்கும்" என்பார் மூன்றாமவர்.

இந்த மூன்று யோசனைகளில் மூன்றாவதுதான் ஆபத்தானது. ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய ஒரு சின்னக் கோளாறை, திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பியே பெரிய செலவாக மாற்றிக்கொள்பவர்கள் ஏராளம். மழைநீரில் நின்ற காராக இருந்தால், அந்த ஒரு திருப்பலே இன்ஜினை முழுசாகக் காலி செய்துவிடும்.

ஸ்டார்ட் ஆகாத கார், எங்கே கோளாறு என்பதைப் பெரும்பாலும் சத்தத்திலேயே சொல்லிவிடும். மெக்கானிக் போனில் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: "செல்ஃப் எடுக்குதா, இல்லையா?"

சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது?

இன்ஜின் தானாக ஓட வேண்டுமானால் முதலில் அதை யாராவது சுற்றிவிட வேண்டும். அந்தக் காலத்தில் இந்த வேலையை மனிதர்கள்தான் செய்தார்கள். காரின் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகி, மூச்சுப்பிடித்துச் சுற்றுவார்கள். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது. அதன் பிறகுதான் அந்தச் சிரமம் குறைந்தது. நம் ஊர் அம்பாசிடர்களில் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி வெகுகாலம் இருந்ததைப் பழைய டிரைவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இன்று அந்த ஹேண்டிலின் வேலையைத்தான் செல்ஃப் மோட்டார் செய்கிறது. அதற்கு நூறு ஆம்பியருக்கும் மேல் கரண்ட் வேண்டும். டீசல் வண்டி என்றால் இன்னும் அதிகம். இவ்வளவையும் கொடுப்பது 12 வோல்ட் பேட்டரி. ஆக, வண்டி ஸ்டார்ட் ஆவதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்ற வேண்டும். பிறகு எரிபொருளும் காற்றும் தீப்பொறியும் சரியாகச் சேர்ந்து இன்ஜின் 'பிடிக்க' வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை: சத்தமே இல்லை

சாவியைத் திருப்பியும் ஒரு 'டிக்' கூட இல்லையா? டாஷ்போர்டைப் பாருங்கள். விளக்குகள் எரியவில்லை என்றால் பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கலாம் அல்லது அதன் டெர்மினல் கழன்றிருக்கலாம்.

விளக்குகள் நன்றாக எரிந்தும் சத்தமே வரவில்லை என்றால், பேட்டரி மீது பழி போட அவசரப்பட வேண்டாம். ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் 'பி'யில் சரியாக உட்காராவிட்டால் செல்ஃப் எடுக்காது. பிரேக்கை மிதித்தபடி 'என்'னுக்கு மாற்றி முயன்றால் சில நேரம் எடுத்துவிடும். மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்ச்சைத் தரைவரை மிதித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். காலுக்கடியில் மிதியடி மடங்கிக் கிடந்தால்கூடக் கிளட்ச் முழுசாக இறங்காது.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சாவிக்குள் இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்துவிட்டால், சாவி உள்ளே இருப்பதே காருக்குத் தெரியாது. அப்போது சாவியையே ஸ்டார்ட் பட்டன் மீது ஒட்டிவைத்து அழுத்தினால் பல மாடல்களில் ஸ்டார்ட் ஆகிவிடும். சில மாடல்களில் சாவியை வைப்பதற்குத் தனி இடம் இருக்கும். அது எங்கே என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் விடாமல் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம். மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

சாவியே திரும்பவில்லையா? ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டியபடி சாவியைத் திருப்பினால் போதும். பலம் கொடுத்துத் திருப்பினால் சாவிதான் உடையும்.

இரண்டாம் வகை: 'டக் டக் டக்'

பெரும்பாலானவர்கள் சந்திப்பது இதைத்தான். திருப்பியதும் வரிசையாக 'டக் டக் டக்' என்று அடிக்கும். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரியும். விளக்கை எரிய வைக்கும் அளவுக்குப் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு இல்லை என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு எளிய சோதனை உதவும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி வீக், அல்லது டெர்மினலில் பிடிமானம் இல்லை. வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம்.

புதுப் பேட்டரி வாங்கும் முன் பானட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். கிளாம்ப் கையால் ஆட்டினால் அசைகிறதா என்றும் பாருங்கள். அசையவே கூடாது. பல கார்களில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் முடுக்கிவிடலாம்.

கழற்றிச் சுத்தம் செய்வதானால் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கறுப்பு, அதாவது மைனஸ். பிறகு சிவப்பு, அதாவது பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். காரின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்தது. மைனஸைக் கழற்றாமல் பிளஸில் ஸ்பேனர் போட்டு, அது தவறிப் பாடியில் பட்டால் அந்த இடத்திலேயே தீப்பொறி பறக்கும். பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரை விட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஆசிட் சேர்ந்த பொடி.

பேட்டரியின் நிலை தெரிய, மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். பழைய மெக்கானிக்குகள் இதை 'டைனமோ' என்பார்கள். இதைச் சோதிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதுப் பேட்டரியும் ஒரே வாரத்தில் படுத்துவிடும்.

பேட்டரி ஏன் இறங்குகிறது?

கார் சும்மா நின்றாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். உதாரணமாக 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி 700 மணி நேரத்தில், அதாவது 29 நாளில் வெறும் டப்பாவாகிவிடும். பாதி இறங்கினாலே ஸ்டார்ட் ஆவது கஷ்டம் என்பதால், இரண்டு வாரம்தான் கணக்கு. 2020 கொரோனா ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல ஸ்டார்ட் ஆகாமல் போனதற்கு இதுதான் காரணம். வண்டி நின்ற பிறகும் ஓடும் டேஷ்கேம், சரியாக மூடாத டிக்கி, அணைக்க மறந்த உள்விளக்கு என்று ஏதாவது சேர்ந்தால் ஒரே இரவு போதும்.

நம் ஊர் வெயிலும் ஒரு எதிரி. வெப்பத்தில் பேட்டரிக்குள் இருக்கும் நீர் வேகமாக வற்றும், தகடுகள் அரிக்கும். கோடையில் பட்ட அடி, மழைக்காலக் காலையில்தான் வெளியே தெரியும். பொதுவாக ஒரு கார் பேட்டரி 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். மூன்று வருடம் தாண்டிவிட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரியைச் சோதிக்கச் சொல்வது நல்லது. வண்டியை எடுக்காதவர்கள் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுவதில் பெரிய பயன் இல்லை. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவதே சரி.

ஜம்ப் கொடுக்கும்போது எந்த வயர் முதலில்?

பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது எளிது. வரிசை தப்பினால்தான் ஆபத்து.

* இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள்.
* சிவப்பு கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில்.
* அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
* கறுப்பு கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்.
* கறுப்பின் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும்.

கடைசி இணைப்பு மாட்டும்போது ஒரு தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பொறி பேட்டரிக்கு மேலேயே விழுந்தால் வெடிக்கலாம். அதனால்தான் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள்.

மாட்டியதும் நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு இறங்கிய காரை ஸ்டார்ட் செய்யலாம். பிடித்துவிட்டால் கேபிள்களைத் தலைகீழ் வரிசையில் கழற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ ஜம்ப் கொடுக்கவே கூடாது.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிரலாமே?" மேனுவல் கியர் காரில் மட்டும்தான் அது நடக்கும். ஆட்டோமேட்டிக்கில் தள்ளிப் பயனில்லை. இன்றைய கார்களில் பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் இயங்கவே பேட்டரி தேவை என்பதால், முழுசாக இறங்கிய பேட்டரியோடு எவ்வளவு தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம். இன்ஜின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாட்டம் இறுகும் என்பதால் சரிவில் தள்ளவே கூடாது.

மூன்றாம் வகை: செல்ஃப் அடிக்குது, பிடிக்க மாட்டேங்குது

இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியும் செல்ஃபும் நன்றாக இருக்கின்றன. கோளாறு இரண்டாம் கட்டத்தில். இங்கேதான் 'அடிச்சுக்கிட்டே இருங்க' என்ற யோசனை அதிகச் சேதம் செய்கிறது. ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. இடையில் ஒரு நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிக் கருகும், இருந்த நல்ல பேட்டரியும் இறங்கும்.

முதலில் எரிபொருள் முள்ளைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், மிதவை சிக்கிக்கொண்டு முள் பொய் சொல்வதும் உண்டு. சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டேங்க்கைக் காயவிடுவது வழக்கம். பல சிஎன்ஜி கார்கள் முதலில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும்.

அடுத்து, செல்ஃப் அடிக்காமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிக் காதைத் தீட்டுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். அது பெட்ரோல் பம்பின் சத்தம். வரவில்லை என்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலே மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். எலி கடித்த வயரும் நம் ஊரில் அபூர்வமில்லை. பானட்டுக்குள் எலிப் புழுக்கையோ, கடித்துத் துப்பிய வயர் துணுக்கோ கிடக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் இரண்டு காரணம் இருக்கலாம். தரையில் சொட்டினால் அது கசிவு. உடனே ஆஃப் செய்துவிட்டு எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். கசிவு இல்லை என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் நனைந்திருக்கும். பார்க்கிங்கில் இடம் மாற்றுவதற்காகக் காரை ஸ்டார்ட் செய்து நாலு அடி நகர்த்தி உடனே நிறுத்தினால் இப்படி ஆவதுண்டு. சில நிமிடம் விட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சில விநாடி செல்ஃப் அடித்தால், பல கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் அனுப்பும். உள்ளே தேங்கியது வெளியேறி வண்டி பிடித்துக்கொள்ளும்.

டீசல் காரில் சாவியை ஆன் செய்ததும் சுருள் வடிவில் ஒரு விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுத்துத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் புதிதாக ஊற்றினாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக்குகள் சொல்லும் 'ஏர் லாக்' இதுதான். காற்றை வெளியேற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும்.

டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டது பங்க்கிலேயே தெரியவந்தால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாமல் தள்ளி ஓரங்கட்டி, டேங்க்கைக் காலி செய்ய வேண்டும்.

காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஹைவேயில் டீ குடிக்க நிறுத்தியபின் அடம்பிடித்து, அரை மணி நேரம் ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சார் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 'ஆறினா சரியாயிடுது' என்ற தகவலை மெக்கானிக்கிடம் சொல்ல மறக்கக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் ஆறிப்போய் நிற்கும் காரில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, தடங்கலே இல்லாமல் 'விர்ர்ர்' என்று சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வுகள் வளையக்கூடும்.

சாவியைத் தொடவே கூடாத நேரம்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. பட்ட பாடு கற்றுக்கொடுத்த பாடம் அது.

தண்ணீர் வடிந்ததும் வரும் முதல் ஆசை, 'ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்' என்பது. அந்த ஒரு தடவைதான் வினை. பெட்ரோல் இன்ஜின் தனக்குள் வரும் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்தும், டீசல் இன்ஜின் அதைவிட அதிகமாக. காற்று அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி நிற்கும், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் இன்ஜின் பிளாக்கே உடையும். பக்குவமாகச் சுத்தம் செய்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இன்ஜின், இந்த ஒரு முயற்சியால் கழற்றிப் போட வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

இன்சூரன்ஸ் சிக்கலும் இங்கேதான். தர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்று தெரிந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. இதற்காகத்தான் 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு விற்கப்படுகிறது. அதிலும் நிபந்தனைகள் இருப்பதால் மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியைப் படித்துவிட வேண்டும். 'ஜீரோ டெப்' இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்கள், அது வேறு, இது வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கார் தண்ணீரில் நின்றிருந்தால் செய்ய வேண்டியவை:

* தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பது தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள்.
* சாவியைத் திருப்ப வேண்டாம், பட்டனைத் தொட வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.
* தண்ணீர் முழுசாக வடிந்து, பாதுகாப்பாக எட்ட முடிந்தால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள்.
* முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல், அடுத்து டோயிங் வண்டி.
* மெக்கானிக் பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றி, தண்ணீர் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இன்ஜினைச் சுற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.
* மின்சார கார் என்றால் கிட்டேயே போக வேண்டாம். கம்பெனி ஆட்கள் வரட்டும்.

ஓடும்போதே தண்ணீருக்குள் ஆஃப் ஆன காருக்கும் இதே விதிதான். மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இறங்கிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"வண்டி ஸ்டார்ட் ஆகல, வாங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடுதான் வருவார். செல்ஃப் எடுக்கிறதா, என்ன சத்தம், டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது, கடைசியாக எப்போது ஓடியது, பேட்டரி எத்தனை வருடம் ஆனது. இந்த ஐந்தையும் சொன்னால் தேவையான சாமானோடு வருவார். தேவையில்லாத பார்ட்ஸ் மாற்றும் செலவும் குறையும். "பேட்டரி மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "வோல்டேஜ் எவ்வளவு காட்டுது, சார்ஜ் ஏறுதா?" என்று கேளுங்கள். ஒழுங்கான மெக்கானிக் மீட்டரை வைத்துக் காட்டுவார்.

ஹைவேயில் நின்றுவிட்டால் கோளாறைப் பார்ப்பது இரண்டாவது வேலை. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளிவைத்து, உள்ளே இருப்பவர்களைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைப்பதுதான் முதல் வேலை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம்.

அந்தக் காலை 7.40 காட்சிக்கே வருவோம். முதலில் ஓர் இழுவை, அடுத்து மௌனம். பேட்டரி வயதாகியிருக்கும், அல்லது டெர்மினல் பூத்திருக்கும். பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து பானட்டைத் திறந்தால், ஸ்பேனரோடு முடியக்கூடிய வேலையாகவே இருக்கலாம். அதுவரை சாவி சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.